புலனாய்வு இதழியல் என்றால் என்ன? போஃபர்ஸ் காகிதங்கள் வழியே ஓர் எளிய விளக்கம்

அரசியல்வாதி ஒருவர் செய்தியாளர்களை அழைத்து எதிரணித் தலைவர்மீது குற்றம் சாட்டுகிறார். யாரோ மறைந்திருந்து எடுத்த காணொளி ஒன்று கைப்பேசிகளில் பரவுகிறது. மொட்டைக் கடுதாசி ஒன்றை யூடியூபில் ஒருவர் ஆவேசமாக வாசிக்கிறார். இவை மூன்றுமே இன்று நமக்குப் புலனாய்வுச் செய்தி என்ற பெயரில்தான் வந்து சேர்கின்றன. இந்தக் குழப்பத்தால் வரும் நஷ்டம் பெரியது. எல்லாமே ஊழல் அம்பலம் என்றால், மாதக்கணக்கில் உழைத்துத் திரட்டிய ஆதாரம் ஒன்று உண்மையிலேயே வெளிவரும் நாளில் "இதுவும் அதுபோலத்தானே" என்று மக்கள் கடந்துபோய்விடுகிறார்கள். ஊழல் செய்தவருக்கு அதைவிட வசதியானது வேறில்லை.

ஆகவே முதலில் வரையறை. அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைக்க விரும்பும், பொதுமக்களைப் பாதிக்கும் ஒரு விஷயத்தைச் செய்தியாளர் தன் சொந்த உழைப்பில் தேடிக் கண்டு, ஆதாரத்தோடு நிறுவுவதே புலனாய்வு இதழியல். இதில் எடை முழுவதும் "நிறுவுவது" என்பதில் இருக்கிறது. எப்படி நிறுவுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வில்லங்கம் பார்ப்பது போல

நிலம் வாங்கப்போகும் ஒருவர் என்ன செய்கிறார்? விற்பவர் "இது என் நிலம்" என்று சத்தியம் செய்தாலும் பணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. மூலப் பத்திரத்தைக் கேட்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கிறார். பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த சொத்தில் நடுவே ஒரு கை விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு காகிதம் சொல்வதை, அதோடு தொடர்பில்லாத இன்னொரு அலுவலகத்தின் காகிதம் உறுதி செய்யும்போதுதான் அவருக்கு நம்பிக்கை வருகிறது.

புலனாய்வுச் செய்தியாளரின் அன்றாட வேலையும் இதுவே. நிலத்துக்குப் பதிலாக அவர் பணத்தைப் பின்தொடர்கிறார். யார் கையிலிருந்து புறப்பட்டது, எந்தெந்தக் கை மாறியது, கடைசியில் யாரிடம் நின்றது? இந்தச் சங்கிலிக்கு ஆவணத் தடம் என்று பெயர். பணத்தின் தடத்தை அழிக்க விரும்புகிறவர்கள் அதற்கென்றே சம்பளம் கொடுத்து வழக்கறிஞர்களை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பீரங்கி வாங்கிய கதை

இந்தியாவில் இந்த வேலை எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள போஃபர்ஸ் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அதில் பெரும்பகுதி சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு நாளிதழின் பக்கங்களில் அரங்கேறியது.

1986 மார்ச் 24 அன்று, சுவீடனைச் சேர்ந்த ஏபி போஃபர்ஸ் நிறுவனத்திடமிருந்து 155 மி.மீ. ஹௌவிட்சர் பீரங்கிகள் 410 வாங்க இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். பேரத்தில் இடைத்தரகர் எவரும் இருக்கக்கூடாது என்பது ராஜீவ் காந்தி அரசு விதித்திருந்த நிபந்தனை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1987 ஏப்ரல் 16 அன்று, இந்த ஒப்பந்தத்தைப் பெற லஞ்சம் கொடுக்கப்பட்டதாகச் சுவீடன் வானொலி அறிவித்தது. இந்திய அரசு உடனே மறுத்தது. சில வாரங்களில் சுவீடனின் தேசியத் தணிக்கை அமைப்பு, பணம் கைமாறியது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் பெற்றவர்கள் யார் என்பது வெளியிடப்படவில்லை.

இந்தக் கட்டத்தில் ஊழல் நடந்தது என்று பேசியவர்கள் ஆயிரம் பேர். ஆதாரம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஜெனீவாவில் வசித்த செய்தியாளர் சித்ரா சுப்பிரமணியம் அந்தச் சிலரைத் தேடிப்போனார். சென்னையில் 'தி இந்து' நாளிதழின் என். ராம் அவரோடு இணைந்து பணியாற்றினார். 1988 ஜூன் முதல், போஃபர்ஸின் உள் ஆவணங்களும் பணப் பட்டுவாடா உத்தரவுகளும் அந்த நாளிதழில் படிநகல்களாகவே அச்சாயின.

அந்தப் படிநகல்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். "எங்களிடம் ஆதாரம் இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் செய்தி, வாசகரிடம் நம்பிக்கையைக் கடன் கேட்கிறது. காகிதத்தையே அச்சிடும் செய்தி அவரைச் சாட்சியாக்குகிறது. கையொப்பத்தையும் தேதியையும் தொகையையும் அவரே பார்க்கலாம். மறுக்க விரும்புகிறவர் பொத்தாம்பொதுவாக மறுக்க முடியாது. இந்தக் கையொப்பம் என்னுடையதல்ல, இந்தத் தேதி தவறு என்று குறிப்பாகப் பேசியாக வேண்டும். 'லோட்டஸ்', 'டுலிப்', 'மோன்ட் பிளாங்க்' என்ற ரகசியப் பெயர்களில் சுவிஸ் கணக்குகளுக்குப் பணம் போயிருந்தது அப்படித்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

கசிவு வேறு, செய்தி வேறு

யாரோ உள்ளிருப்பவர் ஆவணத்தைக் கொடுத்துவிடுகிறார், செய்தியாளர் அதை அச்சிடுகிறார், இதில் என்ன பெரிய புலனாய்வு என்று கேட்பவர்கள் உண்டு. ஆவணம் வெளியே வருவதைக் கசிவு என்கிறோம். கசிவு வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

போஃபர்ஸ் ஆவணங்களைக் கொடுத்தவர் யார் என்பது 2012 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிந்தது. சுவீடனில் அந்த விசாரணையை நடத்திய காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம், தாமே முன்வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொடுத்ததாக அவர் சொன்னார். சுவீடனில் விசாரணை கைவிடப்பட்டதும், உண்மை அப்படியே புதைந்துவிடக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் சித்ரா அவர் பெயரை வெளியே சொல்லவில்லை. இத்தகைய நபரைத் தகவல் மூலம் என்பார்கள். அவரைக் காப்பது செய்தியாளரின் முதல் கடமை. ஒருவர் காட்டிக்கொடுக்கப்பட்டால், அடுத்து பேச நினைக்கும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் தகவல் மூலம் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் தரும் காகிதத்தைச் சோதித்தாக வேண்டும். போஃபர்ஸ் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பு இதற்கு நல்ல உதாரணம். அதில் 'கியூ', 'ஆர்' என்று ஒற்றை எழுத்துகளில் ஆட்கள் குறிக்கப்பட்டிருந்தார்கள். அந்த எழுத்துகள் யார் யார் என்று டெல்லியில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஒற்றை எழுத்து ஒருவரைச் சந்தேகிக்கக் காரணமாகலாம். அவர் பணம் வாங்கினார் என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும்.

இதுவரை பார்த்தது: குற்றச்சாட்டு என்பது ஒருவர் சொல்வது. கசிவு என்பது ஒரு காகிதம் வெளியே வருவது. தொடர்பில்லாத வேறு ஆதாரங்களோடு ஒப்பிட்டுச் சோதித்து, பணத்தின் தடத்தோடு பொருத்திக் காட்டினால்தான் அது புலனாய்வுச் செய்தி.

ஒரு பெருக்கல் கணக்கு

பொருத்திக் காட்டுவது என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். இதன் முழு விவரங்கள் பிற்காலத்தில் விசாரணை, நீதிமன்ற ஆவணங்களில் பதிவாயின. பள்ளிக்கூடக் கணக்குதான்.

இங்கிலாந்தின் கில்ஃபோர்ட் நகரில் ஏ.ஈ. சர்வீசஸ் என்று ஒரு சிறு நிறுவனம். 1985 நவம்பர் 15 அன்று போஃபர்ஸ் அதனோடு ஓர் ஒப்பந்தம் செய்கிறது. 1986 மார்ச் 31க்குள் இந்தியாவின் பீரங்கி ஒப்பந்தம் போஃபர்ஸுக்குக் கிடைத்துவிட்டால், அந்த நிறுவனத்துக்கு 3 சதவீதம் கமிஷன். கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. இந்திய அரசு கையெழுத்திட்ட தேதியை மேலே பார்த்தோம்: மார்ச் 24. கெடு முடிய ஒரே ஒரு வாரம் பாக்கி.

அடுத்தது தொகை. மொத்த ஒப்பந்த மதிப்பு 841 கோடி சுவீடிஷ் குரோனருக்குச் சற்று மேல். அதில் 20 சதவீத முன்பணமாக, 1986 மே மாதத்தில் இந்தியா 168,21,32,196 குரோனர் கொடுத்தது. இதற்கு 3 சதவீதம் கணக்கிட்டால் 5,04,63,966 வருகிறது. 1986 செப்டம்பர் 3 அன்று ஏ.ஈ. சர்வீசஸின் சூரிக் வங்கிக் கணக்கில் போஃபர்ஸ் செலுத்திய தொகையும் 5,04,63,966 குரோனர். அன்றைய மதிப்பில் சுமார் 73 லட்சம் அமெரிக்க டாலர்.

இது தற்செயலாக நடக்க வழியே இல்லை. இந்தியாவின் கருவூலத்திலிருந்து போன முன்பணத்தின் அளவைக் கொண்டே அந்தத் தரகுத் தொகை கணக்கிடப்பட்டிருக்கிறது. இடைத்தரகர் இல்லை என்ற மறுப்பை உடைக்க மேடைப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. ஓர் ஒப்பந்தம், ஒரு ரசீது, ஒரு வங்கிப் பதிவு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். புலனாய்வு இதழியலில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாவது இங்கேதான். பகட்டே இல்லாத, பொறுமையான இந்த ஒப்பீட்டு வேலைக்கு முன்னால் பெரிய அரசாங்கங்கள் தடுமாறியிருக்கின்றன.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

பணம் ஏ.ஈ. சர்வீசஸோடு நிற்கவில்லை. அதே மாதத்தில் 71 லட்சம் டாலருக்கு மேல், பனாமாவில் பதிவான கோல்பார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் ஜெனீவா கணக்குக்குப் போனது. 1997இல் சுவிட்சர்லாந்து அரசு இந்தியாவுக்கு ஒப்படைத்த வங்கி ஆவணங்களின்படி, அந்தக் கணக்கு டெல்லியில் வாழ்ந்த இத்தாலிய வணிகர் ஒட்டாவியோ குவாத்ரோச்சி, அவர் மனைவி ஆகியோரின் கட்டுப்பாட்டில் இருந்தது. தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார்.

கோல்பார் போன்றவற்றை ஷெல் கம்பெனி என்கிறார்கள். பதிவு எண் இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும், தொழில் இருக்காது, ஊழியர் இருக்கமாட்டார்கள். சட்டப்படியான காரணத்துக்காகவும் இவற்றை வைத்திருப்பவர்கள் உண்டு என்பதால், ஷெல் கம்பெனி என்றாலே குற்றம் என்று முடிவு கட்டக்கூடாது. பதிவேட்டில் யார் பெயர் இருந்தாலும், பணத்தை உண்மையில் அனுபவிக்கிறவருக்கு உண்மைப் பயனாளி என்று பெயர். நிதி ஊழல் பற்றிய புலனாய்வில் பெரும்பகுதி, இந்த உண்மைப் பயனாளியைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

மலேசியாவின் 1எம்டிபி விவகாரம் இதே வித்தையின் பெரிய அளவிலான வடிவம். 2009இல் தொடங்கப்பட்ட அந்த அரசு முதலீட்டு நிதியம், அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோசவூதி என்ற நிறுவனத்தோடு கூட்டுத்தொழில் என்று சொல்லி 100 கோடி டாலர் அனுப்பியது. அதில் 70 கோடி, கூட்டுத்தொழிலின் கணக்குக்குப் போகாமல் சேஷல்ஸ் தீவில் பதிவான குட் ஸ்டார் என்ற நிறுவனத்துக்குப் போனது. குட் ஸ்டார் பெட்ரோசவூதியின் துணை நிறுவனம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அது பிரதமர் நஜிப் ரசாக்கின் வட்டாரத்தில் இருந்த ஜோ லோ என்ற தொழிலதிபருடையது என்பதை அமெரிக்க நீதித்துறை 2016இல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் விவரித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2015 பிப்ரவரியில், கிளேர் ரூகாஸில் பிரவுன் என்ற செய்தியாளர் தமது 'சரவாக் ரிப்போர்ட்' இணையதளத்தில் இந்த 70 கோடியின் பாதையை எழுதிவிட்டார். பெட்ரோசவூதியின் முன்னாள் ஊழியர் ஒருவரிடமிருந்து வந்த மின்னஞ்சல்களும் ஆவணங்களும்தான் அவருக்குக் கைகொடுத்தன.

ஆதாரம் கொடுத்தவருக்குத் தாய்லாந்தில் சிறை. செய்தியைத் தொடர்ந்து வெளியிட்ட 'தி எட்ஜ்' குழுமத்தின் இரண்டு இதழ்களுக்கு மூன்று மாதத் தடை. நஜிப் 2018 தேர்தலில் தோற்றார். இந்த நிதியத்தோடு தொடர்புடைய வழக்கொன்றில் தண்டனை உறுதியாகி, 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார். செய்தி வெளிவந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு.

சுருக்கமாக, ஷெல் கம்பெனி என்பது திரை, உண்மைப் பயனாளி என்பவர் அதற்குப் பின்னால் இருக்கும் ஆள். அந்த இருவரையும் இணைக்கும் காகிதம் கிடைக்கும்வரை, அனுபவமுள்ள செய்தியாளர் பெயரை எழுதமாட்டார்.

பெயரை எழுதுமுன்

ஏன் இவ்வளவு தயக்கம்? போஃபர்ஸ் விவகாரத்திலேயே பதில் இருக்கிறது. 1990இல் சுவீடனின் 'டாகென்ஸ் நிஹெட்டர்' நாளிதழ் வெளியிட்ட செய்தியால் நடிகர் அமிதாப் பச்சனின் குடும்பம் ஊழலோடு சேர்த்துப் பேசப்பட்டது. அவர் சகோதரர் அஜிதாப் லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். ஆனாலும் பழி விலகவில்லை. பச்சன் குடும்பத்தை இதில் இழுத்துவிட்டது இந்தியத் தரப்பு விசாரணையாளர்களே என்று லிண்ட்ஸ்ட்ரோம் வெளிப்படையாகச் சொல்ல 2012 ஆனது. ஒரு தவறான பெயர் ஒரு குடும்பத்தின்மீது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

2012இல் அளித்த அந்த நேர்காணலில் லிண்ட்ஸ்ட்ரோம் இன்னொன்றும் சொன்னார். ராஜீவ் காந்தி லஞ்சம் பெற்றதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் உண்மையை மூடி மறைக்க நடந்த முயற்சிகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது சிரமம். ஒரு கட்சிக்காரர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார், இன்னொரு கட்சிக்காரர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வார். நல்ல புலனாய்வுச் செய்தி இரண்டையும் எழுதும். அதனால்தான் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பி, அவகாசம் கொடுத்து, அவர் பதிலையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் இருக்கிறது. அதை வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். பல தவறுகள் அச்சுக்குப் போகுமுன் பிடிபடுவது இந்தப் பதில்களால்தான்.

"பிறகு ஏன் போஃபர்ஸில் யாரும் சிறைக்குப் போகவில்லை?"

நியாயமான கேள்வி. செய்தியாளரால் யார் வீட்டையும் சோதனையிட முடியாது, வங்கியை மிரட்டிக் கணக்கு வாங்க முடியாது, எவரையும் வரவழைத்து விசாரிக்க முடியாது. அந்த அதிகாரம் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. செய்தி வெளிச்சத்தைக் கொண்டுவரும். அதற்கு மேல் நடக்க வேண்டியது அரசு அமைப்புகளின் கையில் இருக்கிறது. அந்த அமைப்புகள் பெரும்பாலும் யாரைப் பற்றிய செய்தியோ அவர்களிடமே பதில் சொல்லும் நிலையில் இருக்கின்றன.

1989 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. 1990 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. 2004 பிப்ரவரியில் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு, இதே வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த தொழிலதிபர்களான இந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளும் ரத்தாயின. குவாத்ரோச்சி 1993இல் இந்தியாவை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை. 2011 மார்ச்சில் அவர் மீதான வழக்கும் முடித்துவைக்கப்பட்டது. அதற்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு, அவருக்கும் வின் சத்தா என்ற போஃபர்ஸ் முகவருக்கும் சேர்த்து 41 கோடி ரூபாய் கமிஷன் போனது என்று வருமான வரித் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது! வரிக்காகப் பார்த்தால் பணம் இருக்கிறது, தண்டனைக்காகப் பார்த்தால் வழக்கு இல்லை. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

செய்தி நிறுவனத்துக்கு உள்ளேயும் நெருக்கடி வரும். 1989 அக்டோபரில், போஃபர்ஸ் கட்டுரை ஒன்றின் அடுத்த பகுதியை வெளியிட 'தி இந்து' ஆசிரியர் ஜி. கஸ்தூரி மறுத்தார். என். ராம் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். சித்ரா தம் பணியை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்', 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ்களில் தொடர்ந்தார். சில நாடுகளில் நெருக்கடி இதோடு நிற்பதில்லை. கொழும்பில் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று பணிக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். ஆட்சியாளர்களின் வெளிநாட்டு ஷெல் கம்பெனிகளைப் பற்றி எழுதிவந்த மால்ட்டா செய்தியாளர் டாஃப்னி கருவானா கலிசியா, 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டுக்குப் பலியானார்.

கசிவே இல்லாத புலனாய்வு

ரகசிய ஆவணம் கிடைத்தால்தான் எதையும் கண்டுபிடிக்க முடியும் என்று நினைக்க வேண்டியதில்லை. பொதுவெளியில் கிடக்கும் பதிவுகளை இணைத்தே எழுதப்பட்ட செய்திகள் ஏராளம்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதம் தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், மற்றொன்றில் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது எதிலும் இல்லை. நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகே பத்திரங்களின் அடையாள எண்கள் வெளியாயின. அந்த எண்களை வைத்துச் செய்தியாளர்கள் இரு பட்டியல்களையும் வரி வரியாக இணைத்தார்கள். ஆக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். அதில் திரிணமூல் காங்கிரஸுக்குச் சுமார் 542 கோடி, தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல். அன்றைய சட்டப்படி அது அனுமதிக்கப்பட்ட நன்கொடைதான். ஆனால் எந்த நிறுவனத்தில் எப்போது சோதனை நடந்தது, அது எப்போது பத்திரம் வாங்கியது, எப்போது அரசு ஒப்பந்தம் பெற்றது என்ற தேதிகளை அடுக்கிப் பார்க்கும் வாய்ப்பு அன்றுதான் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

இப்படிப்பட்ட பதிவுகள் இன்னும் பல உண்டு. வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் சொத்துப் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள் யார், ஆண்டுக் கணக்கு என்ன என்பதைச் சிறு கட்டணம் செலுத்தி நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெறலாம். உங்கள் ஊரில் போட்ட சாலையின் டெண்டர் ஆவணங்களை, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். சாலைப் பணியைப் பெற்ற நிறுவனத்தின் இயக்குநர் பெயரையும் உள்ளூர் மக்கள் பிரதிநிதியின் பிரமாணப் பத்திரத்தில் உள்ள குடும்பத்தினர் பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தொடங்கலாம்.